அக்காவின் முட்டியும் என் வலது இடதும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தம்பி பெண்டாட்டியும் நலம். அங்கே உன் முட்டி ஒன்றைத் தவிர மற்ற எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். போனில் பேசலாமென்றால் உனக்குக் காது மந்தம், எனக்குத் தொண்டை பெரிசு. போன தடவை நாம் பேசிய ரகசியத்துக்கு எதிர்வீட்டுக்காரர் பதில் சொன்னார். அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷனை நினைத்தால் தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தாய். "ஃபாரத்துல எல்லாம் சரியா எழுதினியாடா?" என்று வேறு கேட்டிருக்கிறாய். நிம்மதியாகத் தூங்கு அக்கா. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உனக்கு நேர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நீ வலிக்கிற முட்டியைத் தடவத் தடவ, கண்ணால் பார்த்து எழுதிய ஃபாரம் அது. அத்தான் எழுதியிருந்தால் நீ பயப்படுவதில் நியாயம் உண்டு. தன் பிறந்த தேதியையே உன்னிடம் கேட்டு எழுதுகிற மனுஷர் அவர்.

நான் படிக்கிற மெடிக்கல் கோடிங் என்றால் என்ன என்று கேட்டாய். டாக்டர் எழுதிவைத்த குறிப்பைப் படித்து, எந்த நோய், எந்தக் காயம் என்று பார்த்து, அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்சூரன்ஸ்காரர்கள் பில்லை ஒத்துக்கொள்வார்கள். கட்டிலிலிருந்து விழுந்தால் ஓர் எண், நாற்காலியிலிருந்து விழுந்தால் வேறு எண், கோழி கொத்தினால் அதற்கும் ஒன்று. முதல் நாள் முதல் பாடம், காகிதத்தில் இருப்பதுதான் உண்மை, மற்றதெல்லாம் நடக்கவே இல்லை என்பது. முப்பத்தோரு வருஷம் மின்சார ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு இதைப் புதிதாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிட்டையராகி மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். சமையலறை டப்பாக்களுக்கு வரிசை எண் ஒட்டிய அன்று, "ஒண்ணு நீங்க எங்கயாவது போங்க, இல்லன்னா நான் போறேன்" என்று இவள் சொல்லிவிட்டாள். நான் போனேன்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் வகுப்பு. பன்னிரண்டு பேர். மற்ற பதினொரு பேருடைய வயசைக் கூட்டி வகுத்தாலும் என் வயசில் பாதி வராது. கடைசிப் பரீட்சையில் தேறினால் அங்கேயே வேலை, தவறினால் மறுபடி டப்பாக்கள். நோய் எண்ணெல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் வாராவாரம் மார்க் மட்டும் பாதாளத்தில் கிடந்தது. டாக்டர்கள் ஒரு மனித உருவப் படத்தில் வலிக்கிற இடத்தைச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருப்பார்கள், அதைப் பார்த்து வலதா இடதா என்று நாம் எண் போட வேண்டும். நான் போட்டதெல்லாம் மாறியிருந்தது. சொல்லிக்கொடுக்கிற பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும், பொறுமைசாலி. "சார், இவருக்கு வலது காதுல சீழ். நீங்க இடது காதுக்கு வைத்தியம் பண்ண வச்சிருக்கீங்க" என்றாள். வட்டம் இடது பக்கம்தானேம்மா இருக்கு என்றேன். "சார், படத்துல இருக்கறவர் நம்மளப் பாத்துல்ல நிக்கறாரு? நமக்கு இடது பக்கம் இருக்கறது அவரோட வலது." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள், "நீங்க மின்சார ஆபீஸ்லயா இருந்தீங்க? புகாரெல்லாம் வலது பக்கக் கவுண்டர்னு என்னை அனுப்பினீங்க சார். மூணு தடவ போய்ட்டுப் போய்ட்டு வந்தேன்."

அக்கா, உன்னிடம் சொல்வதற்கு என்ன, எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த ஊர் ஜனங்களுக்கு வலது கை இடது கை தெரியாது என்று முப்பத்தோரு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். தெரியாம நின்னவங்கள எல்லாம் எத்தனை திட்டு திட்டியிருக்கேன். அவங்க சரியாத்தான் போயிருக்காங்க, நான்தான் என் வலதை அவங்க தலையில கட்டியிருக்கேன்.

அப்புறம் அந்தப் பெண்தான் ஒரு வழி சொன்னாள். படத்தை, அதிலிருக்கிற ஆள் வெளியே பார்க்கிற மாதிரி என் வயிற்றின்மேல் சாத்தி வைத்துக்கொண்டு, வட்டம் எந்தப் பக்கம் வருகிறதோ அதுதான் பக்கம். பரீட்சையில் இருபது படத்தையும் அப்படியே சாத்திச் சாத்தி எழுதினேன். பக்கத்தில் இருந்த பெண் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள், போகட்டும். இருபதுக்குப் பத்தொன்பது. ஒன்றாம் தேதி வேலை.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். நீ இரண்டு காலாலும் நன்றாக நடந்து வந்து என்னை வேலைக்கு வழியனுப்ப வேண்டும். காகிதமெல்லாம் சரியாக இருக்கிறது, கவலையை விடு.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது இவள் கேட்டாள், "அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க உங்க அக்காவுக்குப் பக்கத்துல உக்காந்து எழுதினீங்களா, எதிர்ல உக்காந்து எழுதினீங்களா?" அக்கா, ஃபாரத்தில் நான் வலது முட்டி என்று எழுதியிருக்கிறேன். இப்போது ஒரு காகிதத்தில் உன்னை வரைந்து வயிற்றில் சாத்திப் பார்த்தேன். இடது. தூங்கு என்று மேலே எழுதியதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உடனே ஒரு பேனா எடுத்து, நல்ல முட்டியின்மேல் "இது இல்லை" என்று பெரிதாக எழுது. நல்ல முட்டி எது என்று என்னைக் கேட்காதே. தபாலை நம்ப நேரமில்லை, இந்தக் கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புது ஃபாரம் வாங்கி எழுதிவிடலாம். இந்தத் தடவை உனக்கு எதிரே உட்கார மாட்டேன் அக்கா, பக்கத்தில் உட்காருகிறேன்.