விளம்பரங்களுக்கு நடுவே ஒரு வாத்துக்குட்டி

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலமும், அத்தானின் முழங்கால் நலமும், மாவுக்கட்டுப் போட்டிருக்கும் பேத்தியின் கால் நலமும் அறிய ஆவல்.

விடுமுறை முழுக்கப் படுக்கையில் கிடக்கும் குழந்தைக்காக நீ கேட்ட நம் காலத்து வாத்துக்குட்டிக் கார்ட்டூன் படத்தை, என் மருமகன் எங்கிருந்தோ தேடிப்பிடித்து பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். அனுப்புமுன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று நேற்று மத்தியானம் உட்கார்ந்தேன். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உனக்கு ஞாபகம் இருக்கும். வருஷக் கடைசி விடுமுறையில் அந்தப் படம் டிவியில் வந்த அன்று நாம் இரண்டு பேரும் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். "அழாதீங்க, நான் கேசட்டுல பதிவு பண்ணி வைக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்த அப்பா, விளம்பரம் வரும்போது பதிவை நிறுத்துகிறேன் பேர்வழி என்று ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்து, முதல் தடவையே தாளம் தப்பி, படம் ஓடும்போதெல்லாம் நிறுத்திவிட்டு விளம்பரங்களை மட்டும் ஒன்று விடாமல் பிடித்து வைத்திருந்தாரே, நாம் வீட்டுக்கு வந்து ஆசை ஆசையாகப் போட்டுப் பார்த்தால் சோப்பு, பற்பசை, ஒரு மின்விசிறி, மறுபடியும் சோப்பு. நீ விசும்ப ஆரம்பித்தாய். நூலகத்தில் "சத்தம் போடாதீங்க" என்பதற்கு மேல் பேசியறியாத அந்த மனுஷர், கேசட்டை நிறுத்தித் தொண்டையைச் செருமி, "இந்த இடத்துல என்ன ஆச்சுன்னா" என்று ஆரம்பித்தார். அதன் பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் அதே கேசட், அதே சோப்பு, அதே அப்பா.

அக்கா, பதறாமல் படி. படத்தில் அப்பா சொன்ன கலங்கரை விளக்கமே கிடையாது. வழி தவறிய குட்டிக்காக வாத்துக் கூட்டம் முழுக்க அதன் உச்சியில் நாலு நாள் காத்திருந்ததே, அதுவும் கிடையாது. கூட்டம் திரும்பிக்கூடப் பார்க்காமல் பறந்துவிடுகிறது. குட்டி குளத்தில் தனியாக நிற்கிறது. முற்றும் என்று போட்டுவிடுகிறார்கள். "கடைசியில கொஞ்சம் விட்டுப்போச்சா?" என்று மருமகனைக் கேட்டேன். "முழுசா இருக்கு மாமா, இவ்வளவுதான்" என்றார். அந்தக் கலங்கரை விளக்கத்தை நம்பி முப்பத்தொரு வருஷம் தெருவிளக்குக் கம்பம் ஏறி வேலை பார்த்த என்னிடம் சொல்கிறார்.

அப்பா அந்த முடிவைப் பார்த்திருக்கிறார், அக்கா. ஒற்றை ஆளாக உட்கார்ந்து பார்த்துவிட்டு, அதை நமக்குச் சொல்ல மனசு வராமல், காய்ச்சலில் கிடந்து எழுந்த இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு கலங்கரை விளக்கத்தையே கட்டிக் கொடுத்திருக்கிறார். சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேச வராத மனுஷர். நேற்றிலிருந்து எனக்குப் பிரமிப்பு அடங்கவில்லை. வயசான காலத்தில் அப்பாவை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம். பேத்தியின் கால் சீக்கிரம் கூடி அவள் வீட்டைத் தலைகீழாக்கட்டும். படத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் என்று மறக்காமல் எழுது.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து பென்டிரைவை எடுத்துவிட்டேன். தேடாதே. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன். விளம்பரமெல்லாம் எனக்குப் பாட்டோடு மனப்பாடம், அவளுக்கு நடித்துக் காட்டுகிறேன். நடுவில் படத்தை நீ சொல்லு.