பவர் சப்ளைதான், சந்தேகமே இல்லை

வீட்டில் ஒரு மின்விசிறி முனகத் தொடங்கினால் போதும், யார் போய்ச் சொல்வார்களோ தெரியாது, அன்று மாலைக்குள் அவர் வந்து நிற்பார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவர். செருப்பை உதறும்போதே, "என்னன்னு எனக்குத் தெரியும்" என்பார். பொருளை அவர் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? பார்ப்பதற்கு முன்பே தெரிந்துவிடுவதுதான் இந்த இனத்தின் தனிச்சிறப்பு. காரணஞ்சொல்லி என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்கள் உறவில் ஒருவராவது இருப்பார்.

காரணஞ்சொல்லி எதையும் கேட்கமாட்டார். எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது, நிற்பதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்பதெல்லாம் அவருக்கு வேண்டாத விவரங்கள். நேரே போய் மூடியைக் கழற்றுவார், உள்ளே டார்ச் அடிப்பார், கன்னம் உப்ப ஒரு ஊது ஊதுவார், தூசி தன் கண்ணிலேயே விழுந்ததும் தேய்த்துக்கொண்டு, "இதுக்கு முன்னாடி யார் கை வச்சது?" என்று போலீஸ்காரர் குரலில் விசாரிப்பார், கை வைத்தவர் யாரானாலும் அவருக்குத் தொழில் தெரியாது என்று தீர்ப்பளிப்பார், பிறகு எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டு, தரையில் மிஞ்சிக் கிடக்கும் திருகாணியை யாரும் பார்ப்பதற்குள் பைக்குள் போட்டுக்கொள்வார். கேட்டால், கம்பெனிக்காரன் அதிகமாகக் கொடுத்துவிட்டான் என்பார்.

இப்படி ஒருவர் நம் மருந்துக்கடைக்காரருக்கு மச்சினராக வாய்த்திருந்தார். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. எனவே வராதே என்று சொல்ல முடியாது. காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. அங்கே அவருக்குப் பூட்டிய மூடிகள் எதுவும் கிடைப்பதில்லையோ என்னவோ, விடுமுறை நாளென்றால் அக்காள் வீட்டில்தான் இருப்பார்.

மருந்துக்கடைக்காரரின் கம்ப்யூட்டர் விளையாடும்போது மட்டும் திடீரென்று அணைந்து, தானாகவே மறுபடி உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. கடைக் கணக்கு போட்டால் நாளெல்லாம் சமர்த்தாக இருக்கும். விளையாட்டு என்றால் படுத்துவிடும். அந்த வயதில் அவருக்கு என்ன விளையாட்டு என்று கேட்காதீர்கள். வெளியூரில் தங்கிப் படிக்கும் மகளோடு ஞாயிறு மதியங்களில் லாரி ஓட்டுகிறார். திரையில் ஒரு மலைப்பாதை. அப்பா ஓட்டுநர், மகள் பக்கத்து இருக்கையில் வழி சொல்பவள். போனில் பேசினால் அந்தப் பெண்ணிடமிருந்து "சாப்ட்டேன், தூங்கினேன், வச்சிடட்டுமா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. லாரியில் ஏறிவிட்டால் மட்டும் காதில் மாட்டிய ஹெட்செட் வழியாக மணிக்கணக்கில் பேசுவாள். வாரம் முழுக்க மாத்திரை எண்ணிக்கொடுக்கும் மனிதர் அந்த மதியத்துக்காகத்தான் உயிர் வாழ்ந்தார் என்றால் மிகையில்லை.

சென்ற ஞாயிறு, ஓர் இறக்கத்தில், அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். சொல்வதற்குள் திரை இருண்டுவிட்டது. கம்ப்யூட்டர் திரும்பி எழுந்து, லாரியைக் கண்டுபிடித்து, மகளையும் கண்டுபிடித்தபோது, "ஒண்ணுமில்ல, விடுங்க" என்றாள். அந்த ஒண்ணுமில்லை வாரம் முழுக்க அவரைத் தூங்கவிடவில்லை. இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுப்போக்கு மருந்தை எடுத்து நீட்டினார். இன்னொரு முறை அவள் வாயைத் திறக்கும்போது இந்தப் பெட்டி படுத்துவிட்டால், அப்புறம் திறக்கவே மாட்டாள் என்று பயந்தார்.

மச்சினருக்குப் பயமே இல்லை. "பவர் சப்ளைதான், சந்தேகமே இல்லை" என்றார். மாற்றினார். பிறகு தானே உட்கார்ந்து லாரியை மலையெல்லாம் ஓட்டிக் காட்டினார். ஒருமுறைகூட அணையவில்லை. வெற்றியோடு எழுந்து கைகழுவப் போனார். அத்தான் உட்கார்ந்தார், அடுத்த வளைவில் அணைந்தது.

அப்படியானால் ரேம். அதையும் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினார். மச்சினர் ஓட்டினால் பறக்கிறது. அத்தான் ஓட்டினால் படுக்கிறது. அப்படியானால் சூடு. பிராசசருக்குக் களிம்பு போட வேண்டும் என்றார். காலையும் இரவுமா, சாப்பாட்டுக்கு முன்பா என்று கேட்க வந்த வாயை மருந்துக்கடைக்காரர் அடக்கிக்கொண்டார். தயங்கித் தயங்கி, "மச்சான், எறக்கத்துல வளைவு வந்தா மட்டும்தான் ஆஃப் ஆகுது" என்று மட்டும் சொல்லிப்பார்த்தார்.

மச்சினர் சிரித்தார். குழந்தைகள் நிலாவைக் கேட்கும்போது பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "அத்தான், கம்ப்யூட்டருக்கு ஏத்தம் எறக்கம் தெரியுமா?" என்றார்.

நியாயமான கேள்வி. கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யாருக்குத் தெரியும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கேள்வி கேட்டால் அவர் காரணஞ்சொல்லி ஆவாரா?

ஞாயிறு மதியம் வந்தது. களிம்பு போட்டாகிவிட்டது, விசிறிகள் மாற்றியாகிவிட்டது, மச்சினர் நாற்காலிக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு திருகாணி உருண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டிருந்தது. தம்பி அதைப் பைக்குள் போடுவதற்குள் தானே எடுத்து மாட்டவைப்பது என்று தீர்மானித்த அக்காள், மேஜைக்கடியில் புகுந்து தேடிக்கொண்டிருந்தாள். லாரி இறக்கத்தில் இறங்கியது. மகள், "அப்பா, போன வாரம் சொல்ல வந்தேன் இல்ல..." என்று ஆரம்பித்தாள். வளைவு வந்தது. திரை இருண்டது.

மருந்துக்கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அழுகையே வந்துவிட்டது.

"கிராஃபிக்ஸ் கார்டு" என்றார் மச்சினர்.

"கால்" என்றாள் மேஜைக்கடியிலிருந்து அக்காள்.

குனிந்து பார்த்தார்கள். மகளோடு ஓட்டுவது கீபோர்டில்தான், பிரேக் பிடிக்க விரல் போதும். ஆனால் முப்பது வருஷமாகக் கார் ஓட்டிய காலுக்கு அது தெரியுமா? வளைவைக் கண்டதும் வலது கால் தன்னால் நீண்டு பிரேக்கை மிதிக்கிறது. மிதிக்கிற இடத்தில் கம்ப்யூட்டர் பெட்டியின் முகம். அதில், பட்டாணி அளவில், ரீஸ்டார்ட் பட்டன். கட்டை விரலுக்கென்றே அளவெடுத்த மாதிரி.

மச்சினர் ஓட்டும்போது ஏன் அணையவில்லை? அவர் ஆயுளில் ஓட்டியது சைக்கிள். அவருக்குப் பிரேக் கையில் இருந்தது.

"இந்தப் பெட்டி முன்னாடி ஓரமா, சுவரைப் பாத்துதான இருந்துச்சு. யாரு இப்படித் திருப்பி வச்சது?" என்று அக்காள் கேட்டாள். கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுகிறது, முகத்தில் காற்று பட வேண்டும் என்று போன மாதம் திருப்பிவைத்த மகானுபாவர் யார் என்பது மூவருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. மச்சினர் அசரவில்லை. அடுத்ததாக அதைத்தான் பார்ப்பதாக இருந்தேன் என்றார்.

கம்ப்யூட்டர் எழுந்தது. மருந்துக்கடைக்காரர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் மடக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். ஸ்பீக்கரில் கேட்கட்டும் என்று மச்சினர் ஹெட்செட்டைப் பிடுங்கிவிட்டார். மகள் இன்னும் லாரியிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுபடி இறக்கம், மறுபடி வளைவு. சம்மணத்துக்குள் வலது கால் துடித்தது. திரை அணையவில்லை.

"அப்பா, நான் இந்தப் படிப்பை விடப்போறேன்."

மருந்துக் கடையைப் பின்னால் அவள்தான் பார்த்துக்கொள்வாள் என்று மருந்தாளர் படிப்பில் சேர்த்துவிட்டு, பெயர்ப்பலகையில் அவள் பெயருக்கு இடம் விட்டு வைத்திருந்த மனிதர் அவர். மிதிக்க ஒரு பிரேக்கும் இல்லை.

"ஹாஸ்டல் சாப்பாடுதான், வேற என்ன" என்றார் மச்சினர் உடனே. "இல்லன்னா கூட இருக்கிற பொண்ணுங்க. இல்லன்னா..." அக்காள் அவர் கையில் ஸ்க்ரூடிரைவரைத் திணித்து, குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொல்லி அனுப்பிவைத்தாள். ஒழுகவில்லை, இனி ஒழுகும்.

மருந்துக்கடைக்காரர் லாரியை ஓரமாக நிறுத்தினார். அந்த வீட்டில் அந்த மாதம் முழுக்க யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"ஏம்மா?"

"மருந்து வாசனைப்பா. சின்ன வயசுலேர்ந்தே எனக்குக் குமட்டும். உங்க மேல எப்பவும் அந்த வாசனை இருக்கும், அதான் சொல்லல."

அவர் தன் சட்டையை முகர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். சரி, மெதுவாகப் பேசுவோம் என்று லாரியைக் கிளப்பினார். அன்று மலையின் அந்தப் பக்கம் வரை போனார்கள்.

இருக்கட்டும். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பெண் படிப்பை விடப்போகிறேன் என்றாளே, அவள் காரணத்தைச் சொல்வதற்கு முன்பே நீங்கள் ஒரு காரணம் வைத்திருந்தீர்கள், இல்லையா? காதல் என்றா? பரீட்சையில் கோட்டை விட்டிருப்பாள் என்றா? பரவாயில்லை, நான் யாரிடமும் சொல்லமாட்டேன். நீங்கள் அறைக்குள் நுழைந்ததும் உங்கள் வீட்டார் சட்டென்று பேச்சை மாற்றுகிறார்களா என்று மட்டும் கவனித்துப் பாருங்கள். மாற்றினால், அது ஏன் என்பதற்கும் இந்நேரம் உங்களிடம் ஒரு காரணம் தயாராக இருக்குமே.