பௌர்ணமி சாரும் வவுனியாக் கோழிக்கடையும்

உலகத்தில் ஒருவரைக்கூட நம்பாமல் ஊருக்கெல்லாம் உதவி செய்த மனிதர் யாராவது உண்டென்றால், அது எங்கள் பௌர்ணமி சார்தான். அவர் என்னை நம்பியதில்லை. எங்கள் மேடத்தை நம்பியதில்லை. டீக்கடையில் சர்க்கரை போட்டிருக்கிறேன் என்று மாஸ்டர் சொன்ன பிறகும், ஸ்பூனைக் கேட்டு வாங்கி கிளாஸின் அடியில் கிண்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போனவர், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். தன்னையே நம்பாத மனிதர் எங்களை நம்பவில்லையே என்று நாங்கள் வருத்தப்பட்டால் அது நியாயமில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் எங்கள் தொண்டு நிறுவனம் இருந்தது. நிறுவனம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். இரண்டு அறை, ஒரு மின்விசிறி, அதை நடத்திய மேடம், சார், நான். கொரோனா சமயத்தில் பிழைப்பு போன குடும்பங்களுக்குத் தையல் மெஷின், இட்லிக் கடைச் சாமான், ஆடு என்று சிறுதொழில் செய்வதற்குக் கொடுத்து வந்தோம். கொடுத்தால் போதாது, தொழில் உண்மையிலேயே நடக்கிறதா, அதில் அந்தக் குடும்பத்துக்கு வயிறு நிறைகிறதா என்று பார்த்து எழுத ஓர் ஆள் வேண்டும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்ற சாரை மேடம் அதற்காகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

திடீர் சோதனை என்றால் சார் பௌர்ணமியன்றுதான் போவார். வேறு எந்த நாளில் கூப்பிட்டாலும் அசைய மாட்டார். முதல் மாதமே நான் காரணம் கேட்டேன்.

"அமாவாசைக்குத் தறி ஓடாது. தெரியுமில்ல?"

"தெரியும் சார்." காஞ்சிபுரத்தில் பிறந்த யாருக்குத்தான் தெரியாது? நெசவாளர் வீடுகளில் அமாவாசைதான் ஞாயிற்றுக்கிழமை.

"அமாவாசை கிட்டக்க செக்கிங் போனா, நேத்து அமாவாசை சார், இன்னும் சாமான் எடுக்கலம்பான். நாளைக்கு அமாவாசை சார், சீக்கிரம் தறிய விட்டு எறங்கிட்டோம்பான். அத்தனையும் சாக்கு. அமாவாசைக்கு ரொம்ப தூரத்துல இருக்குற நாள் எது?"

"பௌர்ணமி சார்."

"அக்காங்! அன்னிக்கு ஒரு சாக்கும் செல்லாது. அன்னிக்குப் போயி மூடிக் கெடந்துச்சுன்னா, அவன் தொழில் பண்ணல. முடிஞ்சுபோச்சு."

இதைவிடத் தெளிவான தர்க்கத்தை நான் கேட்டதில்லை. முப்பது வருஷம் தறி பார்த்த மனிதர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன். அன்றைக்கு நான் வைத்த பெயர்தான் பௌர்ணமி சார்.

பிறகு இலங்கையில் பொருளாதாரம் கவிழ்ந்தது. பெட்ரோலுக்கும் பால் பவுடருக்கும் அங்கே ஜனங்கள் வரிசையில் நின்ற நாட்களில், வெளிநாட்டில் இருந்த ஒரு புண்ணியவான் வவுனியாப் பக்கத்து ஊரொன்றில் சில குடும்பங்களுக்கு எங்கள் மூலமாகத் தொழில் வைத்துக் கொடுக்க முன்வந்தார். ஆடு, தையல் மெஷின், மிளகாய்த் தோட்டம், ஒரு கோழிக்கடை. நேரில் போய்ப் பார்க்க விமான டிக்கெட் கேட்டதற்கு, அந்தப் பணத்தில் இன்னும் சில ஆடு வாங்கலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். ஆகவே சார் காஞ்சிபுரத்தில் உட்கார்ந்தபடியே வீடியோ காலில் வவுனியாவைச் சோதனை போட ஆரம்பித்தார்.

அது ஒரு தனிக் காட்சி. செல்போனைக் கை நீட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்துக்கொள்வார். காஞ்சிபுரத்துக்கும் வவுனியாவுக்கும் நடுவே கடல் இருக்கிறது அல்லவா, அதற்கேற்ற குரலில் பேசுவார். தையல் மெஷின் வாங்கிய பெண் தான் தைத்த சட்டையைக் காட்டினால், "முன்பக்கம் யாரு வேணும்னாலும் காட்டுவாங்க, திருப்பிக் காட்டும்மா" என்பார். பட்டுப் புடவையின் யோக்கியதை அதன் பின்பக்கத்தில்தான் இருக்கிறது என்று பழகிய கண் அது. சட்டையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆட்டையும் திருப்பிக் காட்டச் சொன்னார். ஆடு ஒத்துழைக்கவில்லை. இரண்டு பேர் காதைப் பிடிக்க, ஒருவர் வாலைப் பிடிக்க, பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

மிளகாய்த் தோட்டக்காரர் பாடு இன்னும் மோசம். "நல்ல விளைச்சல் ஐயா, நல்ல உறைப்பு" என்று அந்த மனிதர் வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாது.

"உறைப்புன்னா?"

"காரம் சார்" என்றேன் நான்.

"நீ சொன்னா ஆச்சா? அவரை ஒண்ணு கடிச்சுக் காட்டச் சொல்லு."

கடித்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. சார் திருப்தியாக 'விளைச்சல் நன்று' என்று எழுதிக்கொண்டார்.

இந்தக் குரலால் கீழே பட்டுக்கடைக்கு ஒரு நாள் பெரிய சேதாரம். கல்யாண வீட்டார் முகூர்த்தப் புடவையைத் தேர்ந்தெடுத்து, பெண்ணின் அத்தை அதைக் கையில் எடுத்து, சாமியைக் கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போன நிமிஷம். மாடியிலிருந்து சார் இடி மாதிரி முழங்கினார்: "செத்துப்போச்சா? எப்போ செத்துச்சு? எதுல செத்துச்சு? பாடியைக் காட்டு!"

ஓர் ஆடு போய்விட்டிருந்தது. ஆனால் அது கீழே இருப்பவர்களுக்குத் தெரியாதே. அத்தை புடவையை அப்படியே வைத்தார். மொத்தக் குடும்பமும் வெளியே போய், எதிர்க்கடையில் ஏறிவிட்டது.

கடைக்காரர் மூச்சிரைக்க மாடிக்கு வந்தார். "சார், உங்க ஆடு செத்ததுக்கு என் வியாபாரம் ஏன் சார் சாவணும்?"

"பாடியைப் பாக்காம நான் எப்டிபா நம்புறது?" என்றார் சார், உண்மையான வருத்தத்துடன்.

இப்போது கோழிக்கடைக்கு வருகிறேன். யோகமலர் என்ற பெண்ணுக்கு வைத்துக் கொடுத்தது அது. கணவர் மேசன் வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுக்கையில் இருந்தார். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். வீட்டு வாசலில், ரோட்டோரமாக ஒரு தகரக் கொட்டகை போட்டு, தராசும் வெட்டுக்கட்டையும் வாங்கிக் கொடுத்திருந்தோம். கடை ஒழுங்காக நடந்தால் அடுத்ததாக ஒரு பிரீசர் தருவதாகப் பேச்சு. பிரீசர் இல்லாததால் சாயங்காலம் மிஞ்சிய கறியை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்தது. லாபமெல்லாம் அதிலேயே போனது. கடை நடக்கவில்லை என்று சார் எழுதினாலோ, பிரீசரும் கிடையாது, கொடுத்த சாமானையும் வாங்கி அடுத்த குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது விதி. சார் எழுதியதை மேடம் ஒருநாளும் மாற்றியதில்லை.

பௌர்ணமி வந்தது. திடீர் சோதனைக்குச் சார் வைத்திருந்த ஆள், நவம் என்ற உள்ளூர் ஆட்டோக்காரர். கடைக்கு முன்னால் போய் நின்று செல்போனைத் திருப்பிக் காட்டுவதுதான் அவர் வேலை.

"ஐயா, இண்டைக்கு வந்து..." என்று நவம் ஆரம்பித்தார்.

"மூச்! நீ பேசக்கூடாது. மனுஷன் பேசுனா சாட்சி கெட்டுப்பூடும். கேமரா மட்டும் காட்டு."

நவம் காட்டினார். தகரக் கதவு சாத்தியிருந்தது. கோழிக்கூண்டின் மேல் சாக்கு போட்டு மூடியிருந்தது. பக்கத்து டீக்கடை ஜேஜே என்று நடந்துகொண்டிருந்தது. சார் உதட்டைப் பிதுக்கினார்.

அடுத்த பௌர்ணமியும் அப்படியே. அதற்கடுத்த பௌர்ணமியும் சாக்கு மூடிய கூண்டுதான். நவம் ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தார், சார் ஒவ்வொரு முறையும் 'மூச்' என்றார்.

"பாத்தியாப்பா? எல்லாக் கடையும் நடக்குது, இது மட்டும் மூடிக் கெடக்குது. பாவம் பாத்தா முடியுமா? பின்னால இன்னொரு குடும்பம் காத்துக்கினு இருக்குது."

'தொழில் நடைபெறவில்லை. பொருட்களைத் திரும்பப் பெறலாம்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தப் பெண்ணின் முகத்தைச் சாமான் கொடுத்த அன்று வீடியோவில் பார்த்திருக்கிறேன். தராசைக் குழந்தையை வாங்குவது போல வாங்கினாள். ஆனால் சாரிடம் என்ன சொல்வது? நான் பேசினால்தான் சாட்சி கெட்டுவிடுமே!

சாரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. நல்ல சேதியை யார் வேண்டுமானாலும் சொல்லலாம், கெட்டதைத் தானேதான் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பார். மறுநாள் காலையில், மேடத்துக்குக் காகிதத்தை அனுப்புவதற்கு முன், யோகமலருக்கே வீடியோ கால் போட்டார். பௌர்ணமி கழிந்த சாதாரண நாள்.

முதலில் தெரிந்தது ஒரு கோழி. அப்புறம் ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, கையில் கத்தியோடு யோகமலர்.

"ஐயா! வணக்கம் ஐயா! கொஞ்சம் பொறுங்கோ, சனம் நிக்குது" என்று சொல்லிவிட்டு, செல்போனைத் தராசின் மேல் சாய்த்து வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

சார் பொறுத்தார். அவர் யாருக்காகவும் பொறுத்து நான் பார்த்தது அன்றுதான். ஒருவர் ஈரல் தனியாகக் கேட்டார். ஒருவர் தோல் உரிக்க வேண்டாம் என்றார். ஒரு கிழவர் நேற்று ஏமாந்து போனதாகச் சத்தம் போட்டார். "நேற்று எங்க போறது தாத்தா? அதான் இண்டைக்கு விடியவே திறந்திட்டன்" என்று அவள் சிரித்துக்கொண்டே வெட்டினாள். எல்லாரையும் அனுப்பிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து செல்போனை எடுத்தாள்.

"சொல்லுங்கோ ஐயா."

சார் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, பௌர்ணமி பௌர்ணமிக்குக் கடையை ஏன் மூடிர்ற?"

"போயா எல்லோ ஐயா?"

"அப்டின்னா?"

அவளுக்கு ஆச்சரியம். போயா தெரியாத மனிதரும் உண்டா என்கிற மாதிரி பார்த்தாள். "பௌர்ணமியைத்தான் இங்க போயா எண்டுறது. புத்த சமயக்காரருக்குப் பெரிய நாள் ஐயா, நாடு முழுக்க லீவு. அண்டைக்கு இறைச்சி விக்கக் கூடாது, சட்டம். வித்தா பொலிஸ் பிடிச்சுக்கொண்டு போயிடும். மற்றபடி நான் ஒரு நாளும் பூட்டுறதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டாலும் திறந்திடுவன். கேட்டுப் பாருங்கோ."

கேட்டுப் பாருங்கோ என்றாள். சார் கேட்டுப் பார்க்கவில்லை. வருஷத்திலேயே அந்தக் கடை கட்டாயமாக மூடியிருக்கும் நாட்களாகப் பார்த்துப் பொறுக்கியெடுத்துச் சோதனை போட்டிருக்கிறோம் என்பது அவருக்கு மெதுவாக உறைத்துக்கொண்டிருந்தது. எங்கே சாக்குச் செல்லாது என்று நினைத்தாரோ, அங்கே ஒரு நாடே கதவைச் சாத்தியிருக்கிறது.

"ஐயா என்னத்துக்கு எடுத்தனீங்கள்?" என்றாள் யோகமலர். அந்தக் குரலில் லேசாகப் பயம் வந்துவிட்டிருந்தது. "ஏதும் பிழையோ?"

சார் மேஜைமேல் இருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். வாழ்க்கையில் ஒரு பொய் சொல்லியிராத மனிதர். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று சொன்னார்.

"ஒண்ணும் இல்லம்மா. பிரீசரு வரப்போவுது. கொட்டாயில எந்தப் பக்கம் வெக்கிறதுன்னு கேக்கலாம்னு போட்டேன்."

அவள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தில் வைத்துக்கொண்டாள். கொட்டகைக்குள் யாரோ வந்து கறி கேட்கும் சத்தம் மட்டும் கேட்டது.

செல்போனை வைத்ததும் முதல் வேலையாக நவத்தைக் கூப்பிட்டார். "ஏம்பா, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீ?"

"நீங்கள்தானே ஐயா கதைக்க வேண்டாம் எண்டனீங்கள்" என்றார் நவம், மிக மரியாதையாக.

அன்றே சார் மேடத்தின் முன்னால் போய் நின்று, தப்பு தன்னுடையது, கடையினுடையது அல்ல என்று சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேடம் சிரித்துவிட்டார். அது சாருக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

பிரீசர் போய்ச் சேர்ந்த அன்று யோகமலரே கூப்பிட்டாள். பிரீசருக்குக் குங்குமம் வைத்திருந்தாள். பெண்பிள்ளைகள் இரண்டும் அதன் இரு பக்கமும் நின்றன. பின்னால் நாற்காலியில் அவளுடைய கணவர், சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சார் கதவைத் திறந்து காட்டச் சொல்லவில்லை. ஐஸ் கட்டுகிறதா என்று கேட்கவில்லை.

"ஒண்டும் கேக்கேல்லையே ஐயா?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

"சாப்ட்டியாம்மா?"

"இனித்தான் ஐயா. யாவாரம் முடியட்டும்."

"மொதல்ல சாப்டு. கடை எங்கியும் ஓடிப்பூடாது."

சார் செல்போனை மேஜைமேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பொண்ணு கடையை இனிமே நான் பாக்கலப்பா. வேற யாரையாவது போடச் சொல்லு மேடத்தை" என்றார்.

"ஏன் சார்?"

"நான் பாத்தா எல்லாம் நல்லா இருக்குதுன்னுதான் எழுதுவேன். பாக்காமயே எழுதுவேன். அது மதிப்பீடு இல்ல."

சார் இப்போது செவிலிமேட்டில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரைப் பற்றி, அவருடைய கிறுக்குத்தனங்களைப் பற்றி நடுநிலையாக, உள்ளது உள்ளபடி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் என்னிடம் கேட்டிருந்தார்கள். அதற்கு அவர்கள் வேறு யாரையாவதுதான் போட வேண்டும்.