கருமாதிக்கு வர வேண்டாம், மந்திரி தம்பி

விஜயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை

மாண்புமிகு மந்திரி, என் கொழுந்தனார் செங்கல்வராயன் அவர்களுக்கு அண்ணி இந்திராணி எழுதிக்கொண்டது. இங்கே உங்கள் அண்ணனைத் தவிர மற்ற எல்லாரும் சுகம். அங்கே தாங்களும், காரும், கூட வரும் போலீசும் சுகமாக இருக்க ஏழுமலையான் அருள வேண்டும்.

அண்ணன் போய் பத்து நாள் ஆகிறது. கொள்ளி வைக்கும்போது தாங்கள் டெல்லியில் இருந்தபடியால் என் அண்ணன் மகன் கிஷோர் வைத்தான். பதினாறாம் நாள் தாங்களே வந்து காரியம் செய்வதாக உங்கள் பி.ஏ. சுரேஷ்பாபு போன் செய்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை, அதனால் அது முறைதான். ஆனால் வர வேண்டாம். காரணம் சொல்கிறேன், கோபம் கூடாது.

போன் வந்த மறுநாளே ரோடு போட ஆள் வந்துட்டாங்க. எத்தனையோ வருஷமா கேட்ட ரோடு, என் வாசலோட நின்னு போச்சு. தார் காயறதுக்குள்ள துக்கம் கேக்க வந்த முனிரத்தினம் மாமா செருப்பு அதுல ஒட்டிக்கிச்சு. வெறுங்காலோட உள்ள வந்து அழுதார், எதுக்கு அழுதார்னு எனக்கு இன்னும் தெரியல. அப்புறம் பாதுகாப்பு பாக்கணும்னு போலீசு வந்தாங்க. அந்தக் காலத்துல உன்னைத் தேடிக்கினு வந்து அரிசிப் பானையைக் கவுத்த அதே ஏட்டு ரவி, இப்பவும் அரிசிப் பானையைக் கவுத்தார். "அப்போ புடிக்கறதுக்கும்மா, இப்போ காப்பாத்தறதுக்கு" என்கிறார். பொம்பளைங்க என்னைக் கட்டிப் புடிச்சு அழுதுக்கினே, "அக்கா, திருமலை தரிசனத்துக்கு ஆறு பேருக்கு மந்திரி சிபாரிசு லெட்டர்" என்று காதில் சொல்கிறார்கள்.

இதெல்லாம் பொறுத்துக்கலாம். புரோகிதர் வெங்கடராகவன் சாமி ஒரே பேச்சா சொல்லிட்டார், "செத்தவன் கையால காரியம் ஆகாதும்மா." நீ காட்டுல இயக்கத்துல இருந்தப்போ, உன்னைச் சுட்டுட்டோம்னு போலீசு ஒரு உடம்பைக் காட்டினாங்களே, அதுக்குத்தான் அண்ணன் கொள்ளி வெச்சு, பதினாறும் செஞ்சு, மூணு வருஷம் திதி கொடுத்தார். முகம் தெரியல, உசரம் உன் உசரம். அப்புறம் ஒரு நாள் டிவியில நீ திருப்பதியில துப்பாக்கியைக் கீழ வெச்சு சரண்டர் ஆகிக்கினு இருக்கே. அண்ணன் துன்னுக்கினு இருந்த சோத்தை விட்டு எழுந்து குதிச்சார். குதிச்சு முடிச்சு உக்காந்து, "அப்போ நான் யாருக்கு இந்திராணி கொள்ளி வெச்சேன்?" என்றார்.

அன்னைக்கு உங்கூட இருந்து செத்தவன் யாருன்னு உனக்குத் தெரியாதா? அவன் பேரைக் கேட்டு அண்ணன் உனக்குக் கடுதாசி எழுதினாரே. நீ எம்.எல்.ஏ. ஆனப்போ ஒண்ணு, மந்திரி ஆனப்புறம் ரெண்டு. மூணுக்கும் உங்க ஆபீசுலேர்ந்து திருமலை தரிசன லெட்டர்தான் வந்துச்சு, ரெண்டு பேருக்கு. மூணு தடவையும் நல்ல தரிசனம், குறை சொல்லக் கூடாது. ஏழுமலையான்கிட்டயும் இவர் அந்தப் பேரைத்தான் கேட்டார். வருஷா வருஷம் பேர் தெரியாத அந்தப் புள்ளைக்குத் திதி கொடுத்தார். "அவங்க அம்மா இன்னும் வருவான்னு பாத்துக்கினு இருப்பா" என்பார். ஆஸ்பத்திரியில் கடைசியாக, "பதில் வந்துச்சா?" என்றார். "வந்துச்சு, தரிசன லெட்டர்" என்றேன். சிரித்தார். அதோடு சரி.

ஆகையால் காரியத்தைக் கிஷோரே செய்யட்டும். தாங்கள் அந்தப் பேரை மட்டும் ஒரு கார்டில் எழுதிப் போடவும்.

தாங்கள் இன்னும் பெரிய மந்திரியாகி, வேளைக்குச் சாப்பிட்டு, நூறு வயசு இருக்க ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அண்ணி இந்திராணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் சாமி வந்தார். காரியம் செய்யப்பட்டவன் உயிரோடு திரும்பினால் வழி இருக்காம். தொட்டிலில் போட்டு, வாயில் சர்க்கரைத் தண்ணி விட்டு, காதில் பேர் சொன்னால் மறுபடி பொறந்த மாதிரியாம். அதனால மேல எழுதினது எதையும் மனசுல வெச்சுக்காதே, வா. நம்ம வீட்டு லூம்ல நெஞ்ச தறித் துணியை நாலா மடிச்சு தொட்டில் கட்டறேன், மந்திரி கனம் தாங்கும். பிண்டம் வைக்கும்போது ரெண்டு பேர் சொல்லணும்னு சாமிகிட்ட கேட்டிருக்கேன். ஒண்ணு உங்க அண்ணன் பேரு. இன்னொண்ணை நீதான் சொல்லணும்.