ஏழு சதவீத அலுவலகம்

அன்பும் மரியாதையும் மிக்க அத்தானுக்கு,

இங்கு நானும் மனைவியும் புதிய நாற்காலியும் நலம். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகள் இருவரும் வீட்டுக் கடனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். லிஃப்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, சொந்தமாக லிஃப்ட் பழுது பார்க்கப் போகிறீர்களாம். ராஜினாமாக் கடிதம் தயாராம். தேதி மட்டும் பாக்கியாம். துவைக்கப் போடும் முன் சட்டைப் பையைப் பார்க்கும் பழக்கம் அக்காவுக்கு உண்டு. நீங்கள் மறந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரி கணக்குப் பிரிவிலிருந்து மதிய இடைவேளையில் என்னைக் கூப்பிட்டாள்.

"பதினாலு வருஷ வேலைடா. இப்ப விடறேங்கறாரு. நீதான் சொந்தமா தொழில் பண்றவனாச்சே, நாலு வார்த்தை எழுது."

"என்னன்னு எழுதறது?"

"உள்ளதை எழுது. அதுவே போதும்."

உள்ளதை எழுதுகிறேன்.

முதலில் நன்மைகள். மேலாளர் இல்லை. காலையில் பேருந்து இல்லை. மிக்சிக்கும் சலவை இயந்திரத்துக்கும் பயன்பாட்டுக் குறிப்பு எழுதுகிறவனுக்குச் சட்டைகூடத் தேவையில்லை. நினைத்த நேரத்தில் எழுந்திருக்கலாம். முதல் மாதம் அப்படித்தான் எழுந்தேன். நன்மைகள் முடிந்தன.

மேலாளர் இல்லை என்றேன். தவறு. இப்போது நான்தான் மேலாளர். பழையவர் ஞாயிற்றுக்கிழமை என்னைத் தொந்தரவு செய்ததில்லை. போன மாதம் காய்ச்சல் வந்தது. யாருக்குத் தகவல் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வேலை செய்தேன்.

வீட்டில் இருப்பவனுக்கு வேலை இருக்காது என்பது எங்கள் குடியிருப்பில் எல்லோருடைய நம்பிக்கை. மூன்று மாடிக்கும் வருகிற பார்சல்கள் என்னிடம் இறங்குகின்றன. எதிர்வீட்டுக்காரர் தன் சாவி, தன் பிளம்பர் இரண்டையும் என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறார். "நீங்க சும்மாதான இருக்கீங்க?" கேள்விதான். பதிலுக்கு அவர் நின்றதில்லை.

இனி வரி. அத்தான், சம்பளக்காரருக்கு வரி என்பது காற்றழுத்தம் மாதிரி. இருக்கிறது என்று படித்திருப்போம். நம் கைக்கு வரும் முன்பே யாரோ பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள். நாம் திட்டினால் போதும், கடமை முடிந்தது. சொந்தத் தொழிலில் பிடிக்கிறவரும் நாமே, பிடிபடுகிறவரும் நாமே. இது எனக்குத் தெரியாது. முதல் வருடம் வந்ததையெல்லாம் வருமானம் என்று நினைத்தேன். வருடக் கடைசியில் ஒரு ஆடிட்டரிடம் போனேன்.

"வந்ததெல்லாம் வருமானம் இல்ல தம்பி. தொழிலுக்குச் செலவானது போக மிச்சம்தான் லாபம். அந்த லாபத்துக்குத்தான் வரி."

"மிச்சம் எதுவும் இல்லையே சார்."

"இருந்துச்சு. நீங்க சாப்பிட்டுட்டீங்க."

பணம் வரும்போதெல்லாம் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் போட்டு, அது இல்லவே இல்லை என்று நடிக்க வேண்டுமாம். ஒவ்வொரு ரசீதையும் எடுத்து வைக்க வேண்டுமாம். இந்த வருடம் எவ்வளவு சம்பாதிப்பேன் என்று முன்கூட்டியே கணித்து, அதற்குத் தவணை தவணையாக வரி கட்ட வேண்டுமாம். எனக்கு அடுத்த வாரம் வேலை இருக்குமா என்பதே தெரியாது. "தோராயமா சொல்லுங்க" என்றார். சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருமுறைதான்.

பிறகு நாற்காலியின் ரசீதை எடுத்தார்.

"இதுல நீங்க மட்டும்தான் உக்காருவீங்களா?"

"ஆமா சார்."

"வீட்டுக்கு வர்றவங்க, போறவங்க?"

"யாரும் வர்றதில்ல சார்."

"ரொம்ப நல்லது. முழுசா செலவுல எழுதலாம்."

அதோடு விட்டிருக்கலாம். வீட்டு வாடகையிலும் ஒரு பங்கைச் செலவில் காட்டலாம், ஆனால் அந்த இடம் தொழிலுக்கு மட்டுமே பயன்பட வேண்டும், வேறெதற்கும் கூடாது என்றார். அங்கேதான் என் புத்தி கெட்டது. வீட்டுக்கு வந்ததும் படுக்கையறை மூலையை அளந்தேன், ஏழுக்கு ஐந்து, முப்பத்தைந்து சதுர அடி, மொத்த வீடு ஐநூறு, ஆக ஏழு சதவீதம், சாக்பீஸால் தரையில் கோடு போட்டேன், கோடு போட்ட பிறகுதான் கட்டிலின் ஒரு கால் அலுவலகத்துக்குள் நிற்பது தெரிந்தது, தூங்குவது தொழில் ஆகாது என்பதால் கட்டிலை இந்தப் பக்கம் தள்ளினேன், தள்ளியதில் அலமாரியின் வலது கதவு திறக்க முடியாமல் போனது, அன்றிலிருந்து நாங்கள் இருவரும் இடது பக்கத் துணிகளை மட்டுமே உடுத்துகிறோம், ஒரு கல்யாணத்துக்குக்கூட அப்படித்தான் போனோம், வெயில் வருகிற ஒரே ஜன்னலும் அலுவலகத்துக்குள் மாட்டிக்கொண்டதால் துணி காயப்போடும் கம்பியை மனைவி அங்கேதான் வைத்தாள், நான் எடுத்து வெளியே வைத்தேன்.

"இது ஆபீஸ். இங்க துணி காயக் கூடாது."

"காயறது உன் சட்டைதான்."

"அது ஆபீஸ் சட்டை இல்லையே."

"ஆபீஸுக்கு நீ சட்டையே போடறதில்லையே."

மறுநாளிலிருந்து கோட்டுக்கு வெளியே நின்று, எச்சில் தட்டைக் கழுவச் சொல்லி என்னை அழைக்கிறாள். உள்ளே வருவதில்லை. ஆபீஸுக்குள் குடும்பம் நுழையக் கூடாதாம். தேநீரையும் கோட்டுக்கு வெளியே தரையில் வைத்துவிட்டுப் போகிறாள். எட்டிப் பார்த்தால் எடுத்துக்கொள்ளலாம். பார்க்காவிட்டால் ஆறிப்போகும். அந்த வருடம் முழுவதும் இப்படி ஓடியது. வருட முடிவில் ஆடிட்டர் கணக்குப் போட்டார். அந்த ஏழு சதவீதத்தால் எனக்கு மிச்சமான வரி, இரண்டு பேர் ஒருவேளை வெளியில் சாப்பிடும் காசு. அதைக் கண்டுபிடிக்க அவர் வாங்கிய கட்டணம், நாலு பேர் சாப்பிடும் காசு.

"அந்தக் கட்டணத்தையும் செலவுல எழுதலாம் தம்பி" என்று ஆறுதல் சொன்னார்.

அத்தான், நீங்கள் கெட்டிக்காரர். நின்றுபோன எந்த லிஃப்டையும் நகர்த்திவிடுவீர்கள். ஆனால் பணம் கேட்கத் தெரியுமா உங்களுக்கு? போன வருடம் உங்கள் குடைக்குள் வந்த ஆளிடம் நீங்களே மன்னிப்புக் கேட்டீர்கள். நனைந்தது நீங்கள். சம்பளம் என்பது கேட்காமல் வருகிற பணம். அந்தச் சுகம் போன பிறகுதான் தெரியும். ஆகவே அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். தம்பி முறையில் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்களுக்கு என் வணக்கம். அக்காவுக்கு அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள், இருவரும் நன்றாகப் படித்து மாதச் சம்பளத்தோடு நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் அக்கா கூப்பிட்டாள். அப்படியே தருகிறேன்.

"எழுதிட்டியாடா?"

"எழுதிட்டேன்க்கா."

"நல்லா பயமுறுத்தினியா?"

"படிச்சுப் பாத்தேன். எனக்கே பயமா இருக்கு."

"அப்ப அவரு வேலைய விடமாட்டாரு?"

"விடமாட்டாரு."

"அப்பாடா. நிச்சயமா சொல்றியா? அப்ப நான் வெள்ளிக்கிழமை என் லெட்டரைக் குடுத்துடறேன். இந்தக் கணக்குப் பிரிவுல உக்காந்து உக்காந்து அலுத்துப்போச்சு. சொந்தமா கணக்கு எழுதித் தரப்போறேன், உன்ன மாதிரி ஆளுங்களுக்கு. வீட்டுல ஒரு சம்பளமாவது நிலையா வரணுமில்ல, அதான் அவரைப் பிடிச்சு நிறுத்தச் சொன்னேன்."

மேலே நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் பழைய வேலைக்குத் திரும்பிப் போவேனா என்று அக்கா கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போகமாட்டேன்.

இந்தக் கடிதத்தை உங்கள் கம்பெனி முகவரிக்கு அனுப்புகிறேன். வியாழக்கிழமை கையில் கிடைக்கும். உங்கள் கடிதத்தில் தேதி மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை அக்காவின் ஆஸ்பத்திரி அலுவலகம் காலை பத்து மணிக்குத்தான் திறக்கிறது, அத்தான். உங்களுடையது எட்டரைக்கு.