நூற்று அறுபதில் ஒட்டிய பொட்டு

பொய்யில் ஒரு தொல்லை உண்டு. ஒரு தடவை சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது, தினமும் சொல்ல வேண்டும். நான் எட்டு மாதம், நாள் தவறாமல், ஒரே பொய்யைச் சொன்னேன். "நூத்தி அறுபது சார்." அவ்வளவுதான் பொய். சின்னதுதான். ஆனால் ஒரு ஷெட்டையே தலைகீழாக்கிவிட்டது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். (நடுவில் நடுவில் சிரிக்கிறாள். அதை எழுதாதே என்றேன். எழுதிவிட்டாள்.)

அப்போது எனக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. நாட்றாம்பாளையத்தில் ராகி போட்டுக்கொண்டு, பன்றி வந்து தின்றதுபோக மீதியை நாங்கள் தின்றுகொண்டிருந்தோம். பெரியவனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்ததும் எல்லோரும் அவன் பின்னாலேயே வந்துவிட்டோம். வீட்டில் சும்மா உட்காருவது எனக்கு ஆகாது. மருமகள் கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டுவேன். அவள் பத்து நாள் பொறுத்தாள், பதினோராம் நாள் பாகலூர் ரோட்டுப் பக்கம் இருந்த ஒரு தகர ஷெட்டுக்கு என்னைக் கூட்டிப்போய் விட்டுவிட்டு வந்தாள்.

அது டீ-ஷர்ட்டில் எழுத்து, படம் எல்லாம் அச்சடிக்கிற இடம். முதலாளி பேர் நாகேஷ். வீட்டில் தெலுங்கு, போனில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும்.

"நம்பர் படிக்கத் தெரியுமா முனிம்மா?" என்று கேட்டார்.

"ஓ, தெரியுமே" என்றேன். (தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது அதுதான்.)

எனக்குக் கிடைத்தது அடுப்பு வேலை. அவர்கள் அதற்கு வேறு பேர் சொன்னார்கள், எனக்கு அது அடுப்பு. நீளமான இரும்புக் கூண்டு. ஒரு வாயில் ஈர மையோடு சட்டை பெல்ட்டில் ஏறிப் போகும், மறு வாயில் வெந்து வெளியே வரும். ஓசூர்க் குளிரில் காலையில் வெளிவருகிற முதல் சட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொள்வேன். அந்தச் சூடு இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

நாகேஷ் அடுப்பின் பக்கவாட்டில் ஒரு திருகைக் காட்டினார். சுற்றிலும் எண்கள். "இந்த மை வெயில்ல காயற மை இல்ல முனிம்மா. உள்ள வரைக்கும் வேகணும். நூத்தி அறுபதுல வெச்சாத்தான் வேகும். தொட்டா ஒட்டலேன்னு நம்பிடாத. எழுத்தை ரெண்டு கையால இழுத்துப் பாரு. விரிசல் விட்டா வேகலன்னு அர்த்தம்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. களி கிண்டுகிறவளுக்குத் தெரியாதா, மேலே பளபளப்பாக இருக்கும், உள்ளே பச்சை மாவாக இருக்கும். புரியாதது அந்த எண்தான். அவர் முதுகைத் திருப்பினதும் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்துத் திருகு நின்ற இடத்தில் ஒட்டிவிட்டேன். அன்று முதல் காலையில் வந்ததும் திருகைப் பொட்டுக்குத் திருப்புவேன். நாகேஷ் மேசைப் பக்கமிருந்து "ஹீட் எவ்வளவு?" என்பார். "நூத்தி அறுபது சார்." திருகு சுவரைப் பார்த்து இருந்ததால் என்னைத் தவிர யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. எட்டு மாதத்தில் ஒரு சட்டை கெடவில்லை. கெட்டிக்காரி என்று பேர் வேறு.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

ஷெட்டில் மை கலக்குகிறவள் மல்லிகா. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், புருஷன் ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்ததால் கூட வந்தவள். அவள் ஒரு வேலையைத் தொட்டால் பாதியில் விடமாட்டாள். கெரசின் துணியால் அடுப்பை மூலை முடுக்கெல்லாம் துடைத்து, கண்ட இடத்திலெல்லாம் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள். நான் பொரியில் கடலையைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை.

லீவு முடிந்து வந்தால், திருகின் பக்கத்தில் என் ஸ்டிக்கரைக் காணோம். ஒரு குங்குமப் பொட்டு மட்டும் இருந்தது, வட்டமாக, லட்சணமாக. ஸ்டிக்கர் சூட்டில் உதிர்ந்திருக்கும், மல்லிகா கரிசனமாக அதே இடத்தில் குங்குமம் வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். (அவளுக்கு என் ரகசியமே தெரியாது. பிறகு எப்படி அதே இடத்தில் வைப்பாள் என்று தோன்ற வேண்டாமா? தோன்றவில்லை.) திருகைக் குங்குமத்துக்குத் திருப்பினேன்.

அன்றைக்கு ஒரு கம்பெனியின் ஆண்டு விழாச் சட்டைகள். சாயங்காலம் வண்டி வந்து ஏற்றிப் போகும். நான் அடுக்கிக்கொண்டே போனேன். தொட்டால் ஒட்டவில்லை. இழுத்துப் பார்க்கவில்லை, ஒரு கையில் பொரி இருந்ததே.

மத்தியானம் நாகேஷ் ஒன்றை எடுத்து இழுத்தார். எழுத்து வறண்ட ஏரி மாதிரி வெடித்தது. இன்னொன்றும் அப்படித்தான். தண்ணீரில் கசக்கினார், எழுத்து சுருண்டு கையோடு வந்துவிட்டது.

"முனிம்மா, ஹீட் எவ்வளவு?"

"நூத்தி அறுபது சார்."

அப்போ அடுப்பு சரி என்று அவர் மற்ற எல்லாவற்றையும் பிடித்தார். பெங்களூர் மைக்காரரைப் போனில் கன்னடத்தில் திட்டினார். அவர் துணியைச் சொன்னார். துணிக்காரர் கரண்டைச் சொன்னார். காற்று வருகிறது என்று ஜன்னலை அடைத்தார், ஃபேனை நிறுத்தினார். வியர்வையில் குளித்தோம். பெல்ட்டை மெதுவாக ஓட்டினார். ஒவ்வொன்றுக்கும் பிறகு, "ஹீட்?" "நூத்தி அறுபது சார்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இல்லை, யோசனையும் சொன்னேன். "பூசணிக்காய் ஒழுங்கா உடையல சார், எனக்கு அன்னைக்கே உறுத்திச்சு. இன்னொண்ணு உடைச்சிடலாம்." அந்த அவசரத்திலும் பூசணிக்காய் வந்தது, உடைந்தது. எழுத்தும் உடைந்தது.

கடைசியில் நாகேஷ் மல்லிகா பக்கம் திரும்பினார். "எல்லாம் பாத்தாச்சு. மைதான் மிச்சம். நீதான் தப்பாக் கலந்திருக்க. நாளையிலருந்து வராத."

"நான் எடை போட்டுத்தேன் சார் கலக்குனேன்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "யக்கா, நீயாச்சும் சொல்லுக்கா" என்றாள். கண் நிறைந்திருந்தது. ஊரை விட்டு வந்து, இங்கே அவளுக்கு இருந்ததே இந்த ஷெட்டும் நானும்தான். தினமும் அவள் குழம்பில் பாதியை நான் தின்கிறேன்.

கையிலிருந்த பொரியைக் கீழே வைத்தேன்.

"சார்" என்றேன். "எனக்கு நம்பர் தெரியாது. பொட்டுதான் தெரியும்."

யாருக்கும் புரியவில்லை. அவர் கையைப் பிடித்துத் திருகுப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினேன். நாகேஷ் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

"நூத்திப் பத்துல இருக்குது முனிம்மா."

"பொட்டு இருக்கற எடம்தான் நூத்தி அறுபதுன்னு நெனச்சேன் சார்."

மூன்று பாஷையிலும் வாங்கப்போகிறேன் என்று தலையைக் குனிந்து நின்றேன். நிமிர்ந்து பார்த்தால், சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறார், தோள் குலுங்குகிறது. மல்லிகா அழுகையும் சிரிப்புமாக என் முதுகில் ஒன்று வைத்தாள். "பாவி அக்கா, பூசணிக்கா வேற ஒடைக்க வச்சியே."

நல்லவேளை, அந்த மையை மறுபடி வேகவைக்கலாமாம். திருகைச் சரியாக வைத்து எல்லாச் சட்டையையும் இன்னொரு தடவை அனுப்பினோம். வண்டி வந்தபோது கடைசிச் சட்டையை இழுத்துக் காட்டினேன். ரப்பர் மாதிரி நீண்டு திரும்பியது.

மறுநாள் மல்லிகா சாப்பாட்டு நேரத்தில் மைக் குச்சியால் அட்டையில் எழுதி எழுதி, ஒன்று, ஆறு, சைபர் மூன்றையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். மேலே கற்றுக்கொள்ளச் சொன்னாள். இது போதும் என்றுவிட்டேன். அந்த ஷெட் இப்போது இல்லை. மல்லிகா ஊருக்குப் போய்விட்டாள். விசேஷத்துக்குப் போன் பண்ணினால் "யக்கா, ஹீட் எவ்வளவு?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

போன மாதம் தலை சுற்றுகிறது என்று மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். நர்சம்மா கையில் பட்டை கட்டிப் புஸ் புஸ் என்று காற்றடித்தாள். மெஷினில் சிவப்பாக எண் வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒன்று, ஆறு, சைபர். உலகத்தில் எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எண், என் கையிலிருந்தே வந்திருக்கிறது. சந்தோஷம் தாங்கவில்லை.

"பாட்டி, பிரஷர் ஏறியிருக்குது. என்னாத்துக்குச் சிரிக்கிற?" என்றாள்.

"ஏறலம்மா, கரெக்டா இருக்குது" என்றேன். "இப்பத்தான் உள்ள வரைக்கும் வெந்திருக்கேன்."

அன்று முதல் வீட்டில் உப்பைக் குறைத்துவிட்டார்கள். சப்பென்று இருக்கிறது என்று முகம் சுளித்தால், பேத்தி என் இரண்டு கன்னத்தையும் பிடித்து இழுத்துப் பார்க்கிறாள். விரிசல் இல்லையாம்.