காகத்துக்குப் பன்னிரண்டு வோல்ட்

பின்வளவில் பறவைகளுக்கென்று கம்பத்தில் பூட்டியிருந்த பிளாஸ்டிக் தட்டில் வைத்த சோறு, வைத்த கையோடு குளிரில் உறைந்து கல்லாகிவிட்டது. சண்முகலிங்கம் விரலால் தட்டிப் பார்த்தார். டொக்கென்றது.

"காகம் வாய் வைக்காமல் இந்த வீட்டிலை ஒருத்தரும் சாப்பிடேலாது," என்றாள் மனைவி பாலாம்பிகை, குசினிக் கதவுக்குள் நின்றபடி. "மாமான்ரை திவசமப்பா!"

மாமா என்றால் சண்முகலிங்கத்தின் காலஞ்சென்ற தகப்பனார். உள்ளே கத்தரிக்காய்க் குழம்பும் வடையும் பாயாசமும் மணந்தன. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் மட்டும் கண்ட வயிறு அவருக்கு. அவர்கள் குடியிருக்கும் பியர்பொன்ட்ஸ் ஊரின் பனிக் குளிருக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது.

"தட்டைச் சூடாக்கினால் சரிதானே!"

பழைய காரிலிருந்து கழற்றி வைத்திருந்த இருக்கைச் சூடாக்கியைத் தட்டின் அடியில் ஒட்டி, பன்னிரண்டு வோல்ட் அடாப்டரில் கொழுவினார். புதுச் சோறும் வடையும் வைத்தார். சோறு இளகியே இருந்தது. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்தது அணில். வடையைத் தின்றுவிட்டு, இளஞ்சூட்டில் காலை நீட்டிப் படுத்தும் விட்டது.

"காகத்துக்குச் சாப்பாடு வைக்கச் சொன்னால், அணிலுக்குக் கட்டில் போட்டுக் குடுத்திருக்கிறியள்."

அணிலை மறிக்கக் கம்பிவலை கட்டினார். அணில் வருவது நின்றது. காகமும் நின்றது, பக்கத்து வீட்டு மேப்பிள் மரத்தில். வலையைப் பிரித்தெறிந்துவிட்டு, அணில் படுக்க முடியாதபடி சூட்டைக் கூட்டலாமென்று மற்ற இருக்கையின் சூடாக்கியையும் சேர்த்து ஒட்டினார். தட்டு இளகி வளைந்து, சோறு முழுவதும் பனிக்குள் சரிந்தது.

காகம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் பறந்து போனது.

"அப்பாவுக்கு என்னிலை கோபம் போலை, பாலா. என்ரை கையாலை சாப்பிட விருப்பமில்லை."

பசியும் துக்கமும் சேர்ந்து அவருக்குக் கண் கலங்கியது. பாலாம்பிகைக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வடைச் சட்டியின் மூடியை அவள் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, புவாண்ட்-கிளேரில் இருக்கும் தங்கை சிவாஜினி தொலைபேசி எடுத்தாள். சண்முகலிங்கம் நடந்ததையெல்லாம் சொல்லிப் புலம்பித் தீர்த்தார்.

"அண்ணை, ஊர்க் கலண்டரையே பாத்தனீங்கள்? இஞ்சத்தை நேரத்துக்குத் திதி நேற்றெல்லோ! அப்பா நேற்றே எங்கடை வீட்டை வந்து, வடையும் திண்டு, வடிவாச் சாப்பிட்டிட்டுப் போட்டார்."